வண்டிக்குத் தேமல்

"சார், கீழ இறங்குங்க. வண்டிக்கு அடியில பாக்கணும்."

கண்ணாடி இறங்கியது. முதலில் குளிர்ந்த காற்று வந்தது, அதற்குப் பின்னால் குரல் வந்தது.

"எந்த வண்டிக்கு?"

"இந்த வண்டிக்குத்தான் சார்."

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணால் என்னைக் கெஞ்சினார். எனக்குப் பின்னால் டார்ச் அக்கா இருமினார். அது சளி இருமல் இல்லை. இந்தப் பாலத்துத் தணிக்கைச் சாவடியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குப் பாடம் எடுத்தவர் அவர். "லாரியை நிறுத்து. டூரிஸ்ட் பஸ்ஸை நிறுத்து. ஆம்புலன்ஸ்கூட காலியா வந்தா நிறுத்து. ஆபீஸ் ஜீப்பை மட்டும் நிறுத்தாதே. நிறுத்தினாலும் இறங்குங்கன்னு சொல்லாதே. அந்த வார்த்தை உன் வாயில வரவே கூடாது."

வந்துவிட்டது.

ஜீப்பில் இருந்தவர் உதவி ஆணையர். சுருக்கமாக ஏசி. பதவிக்கும் அதுதான் பெயர், ஆளுக்கும் அதுதான் பெயர். எங்கே ஆய்வுக்குப் போனாலும் என்ஜினை அணைக்க விடமாட்டார். குளிரில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாக விரலை நீட்டி, "அதைப் பாரு, இதைப் பாரு" என்பார். அவர் செருப்பில் மண் ஒட்டி யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா, தணிக்கை வண்டிக்கே தணிக்கையா?" என்று சிரித்தார்.

"ஆமா சார்."

சிரிப்பு நின்றது.

பாலத்துக்கு மேற்கே உள்ள காட்டை ஓர் அந்துப்பூச்சி அழித்துக்கொண்டிருக்கிறது. எங்கிருந்தோ சரக்கோடு சரக்காக வந்து இறங்கிய பூச்சி. பூச்சி எதையும் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. இலை துளிர்க்கும் பருவத்தில் பொரிந்து வெளியே வந்தால், ஒரு குன்றை மொட்டையடித்துவிட்டுத்தான் அடுத்த குன்றைப் பார்க்கும். அந்த நேரத்தில் காட்டுக்குள் நின்றால் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்கும். வானத்தில் மேகமே இருக்காது. அது புழுவின் எச்சம் உதிரும் சத்தம். அதை ஒருமுறை கேட்டவளுக்கு இந்த வேலையில் விளையாட்டு வராது.

தாய்ப்பூச்சி முட்டையிட நல்ல இடம் கெட்ட இடம் பார்ப்பதில்லை. மரப்பட்டை, விறகு, லாரியின் அடிப்பாகம், மடித்து வைத்த நாற்காலி, எதுவானாலும் அதற்குச் சரி. முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வயிற்று மயிரை உதிர்த்து மேலே போர்த்திவிட்டுச் செத்துவிடும். பார்த்தால் வெளிறிய மஞ்சளில் ஒரு திட்டு, அவ்வளவுதான். சுற்றறிக்கையில் அதற்கு 'முட்டைத் திரள்' என்று பெயர். எங்கள் சாவடியில் தேமல். "வண்டிக்குத் தேமல் இருக்கா பாரு" என்று டார்ச் அக்காதான் ஆரம்பித்து வைத்தார். லாரிக்காரர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். "நேத்துதான்கா களிம்பு போட்டுக் குளிப்பாட்டினேன், விட்டுடுங்க" என்று ஒருவர் தினமும் சொல்வார். தினமும் அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் விடுவோம்.

விதி எளிமையானது. பாலம்தான் கோடு. மேற்கிலிருந்து கிழக்கே போகிற எதையும் பார்க்காமல் விடக் கூடாது. தேமல் இருந்தால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். முழுக்கச் சுத்தமாகும்வரை வண்டி நகரக் கூடாது. இந்த விதியை நான் நம்புகிறேன். நான் விதிக்கு எதிராகக் கொடி பிடித்தவள் என்று பேசிக்கொண்டு திரிகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். எங்கள் சாவடியில் அந்த விதியை என்னைவிட நம்பியவர்கள் யாரும் இல்லை. கோபமே அதனால் வந்ததுதான்.

அன்று காலை அந்த ஜீப் என் அண்ணன் பட்டறையை எரிக்கப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் பழப்பெட்டி அடிக்கிறவன். பட்டறை பாலத்துக்குக் கிழக்கே, கோட்டுக்கு வெளியே இருக்கிறது. வெட்டவெளியில் பலகைகளை அடுக்கி உலர்த்துவான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான்; சாவடியில் என்னை 'டிகிரி' என்றே கூப்பிடுவார்கள். என் பட்டத்துக்கு அவனே சட்டம் அடித்துப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறான். வாடிக்கையாளர்கள் அதைப் பட்டறை லைசென்ஸ் என்று நினைத்து மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

போன வாரம் அவன் பலகை அடுக்கில் தேமல் கிடைத்தது. கண்டுபிடித்தது ஏசியின் ஆட்கள். மொத்தத்தையும் எரிக்க உத்தரவு வந்தது. அதை நான் எதிர்க்கவில்லை. கிழக்கே ஒரு திட்டு கிடைத்தால் அந்த அடுக்கு எரியத்தான் வேண்டும். ஆனால் உத்தரவில் ஒரு வார்த்தை இருந்தது. 'கோட்டுக்குள்ளிருந்து கடத்திவரப்பட்ட மரத்தின் வழியாகப் பரவியது.' கடத்தல். அந்த ஒரு வார்த்தை போதும், அண்ணன் இனி வாழ்நாள் முழுக்க மரத்தைத் தொட முடியாது. லைசென்ஸ் போகும், பலகை கொடுக்க ஆள் இருக்காது, பெட்டி வாங்க ஆள் இருக்காது.

கோடு போட்ட நாளிலிருந்து மேற்கே இருந்து ஒரு குச்சிகூட வாங்காதவன் அவன். வேலை முடிந்து நான் அவனைப் பார்க்கப் போனால்கூட வாசலிலேயே நிறுத்தி, "ஷூவைத் தட்டிட்டு உள்ள வா, காட்டுக்காரி" என்பான்.

முந்தின நாள் நான் போய்ப் பார்த்தேன். தேமல் இருந்தது வாசலில் நின்ற மரத்திலும், அதை ஒட்டிய முன்னடுக்கின் வெளிப்பக்கத்திலும் மட்டும்தான். பின்னால் இருந்த அடுக்குகளைப் பலகை பலகையாகப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. கடத்தி வந்த மரம் என்றால் அடுக்குக்குள்ளே அல்லவா இருக்க வேண்டும்? வாசலைப் பார்த்த பக்கம் மட்டும் எப்படி? அந்த வாசலில் வாராவாரம் வந்து நிற்பது எது?

ஏசியின் ஜீப். என்ஜின் ஓட, கண்ணாடி ஏற்றி.

எங்கள் அலுவலகம் மேற்கே, காட்டு ஓரத்தில் இருக்கிறது. யாரோ டயரைக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று ஏசி முற்றத்தில் ஒரு பெரிய விளக்கு போடவைத்தார். ஜீப் அதற்கு நேர் கீழேதான் நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். காட்டில் இருக்கிற அந்துப்பூச்சி எல்லாம் அந்த விளக்கைத்தான் சுற்றும். விடிந்ததும் டிரைவர் பூச்சிகளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவார், கண்ணாடியைத் துடைப்பார், பானட்டைப் பளபளக்க வைப்பார். பிறகு ஜீப் பாலத்தைத் தாண்டும். சாவடியில் சல்யூட் வாங்கிக்கொண்டு தாண்டும். தாண்டும் வண்டிகளில் அடியில் பார்க்கப்படாத ஒரே வண்டி அதுதான். பூச்சியைத் தடுக்கிற அலுவலகம் பூச்சிக்கு விளக்கு போட்டு, கட்டில் போட்டு, போக வண்டியும் கொடுத்திருந்தது.

"நேரமாகுது. கேட்டைத் தூக்கச் சொல்லு" என்றார் ஏசி.

"நீங்க இறங்காட்டியும் பரவால்ல சார். நான் படுக்கறேன்."

முதுகை மண்ணில் வைத்து உள்ளே நகர்ந்தேன். டிரைவர் பதறி என்ஜினை அணைத்தார். அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். சக்கரத்துக்கு மேல் வளைவுக்குள் டார்ச்சை அடித்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, பழையதன்மேல் புதியது ஏறி, வளைவு முழுக்க மஞ்சள் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. பழையவற்றில் பொடிப்பொடியாக ஓட்டை. பொரிந்து போனவை. எங்கே போய்ப் பொரிந்தன, எங்கே பூச்சியாகி மறுபடி முட்டையிட்டன என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, இங்க வாங்க."

"என்னை எதுக்குடி இழுக்கறே?" என்று முனகிக்கொண்டே டார்ச் அக்கா என் பக்கத்தில் வந்து படுத்தார். பார்த்தார்.

"இது தேமல் இல்லடி டிகிரி," என்றார் மெதுவாக. "படை. படையே வந்து உக்காந்திருக்கு."

ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். வேறு என்ன செய்வது? எழுந்து வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவருக்கும்தான்.

ஏசி இறங்கியிருந்தார். குனிந்து பார்க்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

"உள்ள வா," என்றார்.

சாவடி அறை என்பது ஒரு தகரக் கொட்டகை. ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் சோப்பு வாளிகள், சன்னலில் மாதிரி பாட்டில்கள். அங்கே என் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். உத்தரவில் உரிமையாளர் கையெழுத்து போட வேண்டும், எரிக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று காலையிலேயே வரவழைத்திருந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் தங்கள் வண்டியில் போக வேண்டும். சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"உக்காரும்மா," என்றார் ஏசி.

"நிக்கறேன் சார்."

"நீ கெட்டிக்காரி. இல்லேன்னு சொல்லல. ஆனா படிச்சா மட்டும் பத்தாது, பழகவும் தெரியணும். வீட்டுல உனக்கு முன்னாடி யாரும் படிச்சிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பாங்க, எங்க போய் நிறுத்திக்கணும்னு."

"எங்க நிறுத்தணும்னு தெரியும் சார். பாலத்துக்கு முன்னாடி நிறுத்தணும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்து, அதை முந்தானைக்குள் இருமலாக மாற்றினாள். அண்ணன் அவளை முறைத்தான்.

ஏசி நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இனி என்னிடம் பேசிப் பயனில்லை என்று கணக்குப் போட்டுவிட்டார். இந்த மாதிரி மனிதர்கள் கணக்கில் தவறுவதே இல்லை.

"உங்க தங்கச்சி மேல எனக்குக் கோபம் இல்லப்பா. ரத்த பாசம், துடிக்குது. நானும் யோசிச்சேன். எரிக்கறது ரொம்பக் கடுமைதான். மருந்து அடிச்சு விட்டுடலாம். கடத்தல்ங்கற வார்த்தையையும் நானே எடுத்துடறேன். காத்துல பரவியிருக்கலாம்னு மாத்திப் போட்டுக்கலாம். என்ன சொல்றே?"

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "சார்... ரொம்ப நன்றி சார்."

"ஜீப்?" என்று கேட்டேன்.

"ஜீப்பை டிரைவர் கழுவிடுவான். அதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு பேச்சு?"

நேற்றுவரை எரித்தே ஆக வேண்டும், ஒரு பலகை தப்பினாலும் கிழக்கே காடே போய்விடும் என்றவர் இவர். அண்ணன் கெஞ்சியபோது, "விதிப்பா, என் கையில எதுவும் இல்ல" என்று கையை விரித்தவர். இன்றைக்கு அந்தக் கைக்குள்ளிருந்து எல்லாம் வருகிறது. நேற்று விதியாக இருந்தது இன்றைக்கு எலும்புத்துண்டு. போட்டால் நாங்கள் கவ்விக்கொள்ள வேண்டும்.

"எதுக்குண்ணா நன்றி?" என்றேன். "திருடன்னு எழுதினதுக்கா, இல்ல திருடன் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே எழுதினதுக்கா?"

"நீ சும்மா இரு. பிழைக்க விடு."

"சார், ஒரு சந்தேகம்." அண்ணிதான். அவள் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவள்; பேச்சும் அப்படித்தான், ஒரே அடி. "மருந்து அடிச்சா அது செத்துடுமா?"

"பெரும்பாலும் செத்துடும்மா."

"மிச்சம்?"

ஏசி மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். அண்ணி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. நீதானே படிச்சவ."

"சாகாது அண்ணி. மேல மயிர் போர்த்தியிருக்கும், மருந்து உள்ள இறங்காது. அடுக்குக்கு இடுக்குல இருக்கறதுக்கு மருந்து போய்ச் சேரவே சேராது."

"அப்போ அந்தப் பலகைல நான் அடிக்கிற பெட்டி?"

"பெட்டி போற தோட்டத்துக்கெல்லாம் அதுவும் போகும்."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"போகட்டும்!" என்று அண்ணன் கத்தினான். "போனா போகட்டும்! ஊர்ல இருக்கற மரத்துக்கெல்லாம் நானா காவல்? என் பட்டறை நிக்குது, என் பேரு நிக்குது, அது போதும் எனக்கு. வாசல்ல ஷூவைத் தட்டித் தட்டி என்னத்தைக் கண்டேன்?"

என் அண்ணன் வாயிலிருந்து அது வந்தது. ஒரு பெட்டியில் ஒரு ஆணி வளைந்திருந்தால் மொத்தப் பெட்டியையும் பிரிக்கிறவன். அவனை அப்படிப் பேசவைத்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், பாடம் ஒப்பித்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. எனக்கு அண்ணன்மேல் கோபம் வரவில்லை. அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் வந்தது.

"சார், இந்த ஜீப் எங்க அண்ணன் வாசலுக்கு மட்டுமா போச்சு?"

"என்ன?"

"கிழக்கே இருக்கற ஒவ்வொரு மரக்கடைக்கும் போச்சு. ரெண்டு நாத்துப் பண்ணைக்குப் போச்சு. ஸ்கூல் தோட்டத்துல மரம் நடற விழாவுக்குப் போச்சு, நீங்க உள்ள உக்காந்தபடியே கை தட்டினீங்க. அங்கெல்லாம் யாரு பாத்தா? நான் இப்போ வாயை மூடினா யாரும் பாக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் அங்கெல்லாம் தேமல் வரும். அப்போ அவங்க எல்லாரையும் கடத்தல்காரங்கன்னு எழுதுவீங்க. அவங்களுக்குச் சாவடியில தங்கச்சி இருக்காது."

"குரலைத் தாழ்த்திப் பேசு."

"மாட்டேன் சார். தாழ்த்தித் தாழ்த்தித்தான் இந்த ஜீப் இவ்வளவு தூரம் போயிருக்கு."

ஏசிக்கு முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. கத்துவது எங்களைப் போன்றவர்களின் வேலை என்று அவருக்கு எண்ணம். "நீ ஒப்பந்த ஊழியர்தான்," என்றார். "மறந்துடாதே. ஒரு வரி எழுதினா நாளைக்கு நீ இந்தக் கொட்டகையில இருக்க மாட்டே."

"இன்னிக்கு இருக்கேன்ல?"

அண்ணன் என் கையைப் பிடித்தான். ஆணியும் சிராயும் ஏறிக் காய்ந்த கை. "கெஞ்சிக் கேக்கறேன். அவர்தான் எல்லாம் தர்றேன்னு சொல்றாரே. என்ன வேணும் உனக்கு இன்னும்?"

"எரியணும்ணா."

அவன் கையை விட்டுவிட்டான்.

"முன்னடுக்கும் வாசல் மரமும் எரியணும். அதுல முட்டை இருக்கு. நீயே கண்ணால பாத்தே. வேற ஒருத்தன் பட்டறையா இருந்தா எரிக்கச் சொல்லியிருப்பேன், உன்னுதையும் சொல்றேன். ஆனா நீ திருடிக் கொண்டுவந்ததா எரியக் கூடாது. ஆபீஸ் ஜீப் கொண்டுவந்து போட்டதா எரியணும். பின்னடுக்கு எல்லாம் சுத்தம். அதுல ஒரு பலகையைக்கூட யாரும் தொடக் கூடாது."

"இதை யாரு ஒத்துக்குவா? இவரா?" அவன் ஏசியைக் காட்டினான். "உன் பேச்சைக் கேட்டு இவரு அதையும் கொடுக்காம போனா? மொத்தமும் போச்சுன்னா?"

போகலாம். மொத்தமும் போகலாம். இருக்கிற வேலையும் போய், அண்ணன் பெயரும் திரும்பாமல் போகலாம். அதை நான் மறைக்கவில்லை. "போனாலும் போகும்ணா," என்றேன்.

"அப்போ இந்தக் கதவைத் தாண்டினா என் வீட்டு வாசப்படி மிதிக்காதே."

அண்ணி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறாளா, போக வேண்டும் என்று நினைக்கிறாளா என்று அந்தப் பார்வையில் எனக்குப் பிடிபடவில்லை. ஏசி மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டார். வீட்டுச் சண்டை ஆகிவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது.

"சரி சரி," என்றார் பெரிய மனது பண்ணி. "எல்லாரும் சூடா இருக்கோம். வெளில போய் ஒரு டீ குடிச்சுட்டு, நிதானமா யோசிச்சுட்டு வா. நான் காத்திருக்கேன்."

"யோசிச்சாச்சு சார்," என்றேன். "ஜீப்புக்கு அடியில படுத்திருந்தப்பவே யோசிச்சாச்சு. அங்கயே போன்ல வளைவைப் போட்டோ எடுத்துத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பியாச்சு, சாட்சியா டார்ச் அக்கா பேரும் சேர்த்து. சுரண்டி முடிக்கிறவரைக்கும் ஜீப் நகராது. எங்கெங்க போச்சுன்னு டிரைவர்கிட்ட கேட்டு ஒவ்வொரு வாசலையும் தேடணும். முதல்ல ஜீப்புலயிருந்து ஆரம்பிக்கறேன்."

ஏசி எழுந்தார். முதல்முறையாக அவர் அவசரமாக எழுவதைப் பார்த்தேன். "யாரைக் கேட்டு?"

"டீ நீங்க குடிங்க சார். வண்டி நிக்குது, இன்னிக்கு நிறைய நேரம் இருக்கு."

மூலையிலிருந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் அலம்பி என் காலில் கொட்டியது. அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், ஒரு தடவை. நான் திரும்பவில்லை. தகரக் கதவை முழங்கையால் தள்ளி வெயிலுக்குள் நடந்தேன்.